கீழடிக்கு முதல் முறை போகிறீர்களா? ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்

மதுரைக்கு மாற்றலாகி வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள் எல்லாரும் முதலில் மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், அழகர்கோயில் என்று சுற்றிவிட்டு, அப்புறம் "கீழடிக்கும் ஒரு நடை போகணும்" என்பார்கள். போன சிலர் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, "உடைஞ்ச பானைதான் நிறைய இருக்கு" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கோபுரத்தையும் தூண்களையும் பார்த்த கண்ணோடு நேராக அங்கே போய் நின்றால் அப்படித்தான் தெரியும். கீழடியில் இருப்பவை அகழாய்வில் தோண்டியெடுத்த, அந்தக் காலத்து வீட்டுப் புழங்கு பொருள்கள். சோறு வடித்த பானை, நூல் நூற்ற தக்களி, பிள்ளைகள் விளையாடிய சில்லு, தண்ணீர் சேந்திய கிணற்றின் உறை. இவற்றைப் பார்க்க வேறொரு தயாரிப்பு வேண்டும்.

அதனால் பேருந்து, டிக்கெட் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு யோசனை. கிராமத்தில் வளர்ந்த, எழுபது வயதைத் தொட்ட ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். அப்பத்தா, அம்மாச்சி, தாத்தா, பக்கத்து வீட்டுப் பெரியவர், யாராக இருந்தாலும் சரி. மதுரையில் உங்களுக்குச் சொந்தம் யாரும் இல்லையென்றால், வீட்டுக்காரம்மாவிடமோ வேலை பார்க்கிற இடத்தில் இருக்கும் மூத்தவரிடமோ கேட்டுப் பாருங்கள். கூப்பிட்டால் பெரும்பாலும் சந்தோஷமாக வருவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் கையில் பிடித்துப் புழங்கிய கடைசித் தலைமுறை அவர்கள்தான். பலகையில் எழுதியிருப்பது பொருளின் பெயரையும் காலத்தையும் சொல்லும். அதை எப்படிப் பிடிப்பது, எங்கே தேயும், யார் செய்து கொடுப்பார்கள் என்பதெல்லாம் இவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

எந்த நாள், எந்த நேரம்

கீழடி அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மதுரை நகருக்குள் இருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் அதே வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டு பக்கமும் போகும் எண்ணம் இருந்தால் இந்த இரண்டு கிழமைகளையும் விட்டுவிடுங்கள். கீழடியில் காலை 10 மணிக்குத் திறப்பார்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. வெயிலும் ஏறியிருக்காது, கூட்டமும் சேர்ந்திருக்காது. சனி, ஞாயிறுகளில் நெரிசல் அதிகம். பள்ளிச் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றுவிட்டால், ஒரு பெட்டி முன்னால் நிதானமாக நிற்பதுகூடக் கஷ்டம்.

மாதம் என்று பார்த்தால், தீபாவளி முடிந்து மழை ஓய்ந்ததிலிருந்து தை, மாசி வரைக்கும் நல்ல காலம். சித்திரை வெயிலில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கட்டிடத்துக்குள் பரவாயில்லை, அகழாய்வுக் குழிகளைப் பார்க்க வெளியே நடக்கும்போதுதான் தாங்காது.

2023-ல் திறந்தபோது பெரியவர்களுக்கு 15 ரூபாய், சிறுவர்களுக்கு 10 ரூபாய், பள்ளி மாணவர்களுக்கு 5 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி

மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். மாவட்டம் மட்டும் சிவகங்கை, திருப்புவனம் வட்டம். ராமேசுவரம் சாலையில் சிலைமான் தாண்டிப் பிரிய வேண்டும். திருப்புவனம், மானாமதுரை பக்கம் போகிற பேருந்தில் ஏறி, "கீழடி விலக்குல இறக்கி விடுங்க" என்று கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராமேசுவரம் வரை போகும் வண்டி எல்லாம் நடுவில் நிற்காது, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கூட இருந்தால் ஆட்டோவோ காரோ பேசிக்கொண்டு போவதுதான் வசதி. திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலும், பெரியவருக்கு மாத்திரை சாப்பிடும் நேரம் இருந்தால் இட்லியோ தயிர்ச்சாதமோ கட்டியும் கொண்டுபோங்கள். பக்கத்தில் இளநீர் கிடைக்கும். உட்கார்ந்து சாப்பிட நல்ல ஓட்டல் வேண்டுமென்றால் மதுரைக்கே திரும்பிவிடுவது மேல்.

உள்ளே நுழைவதற்கு முன் இவ்வளவு தெரிந்தால் போதும்

கீழடி சுற்றிலும் தென்னந்தோப்பு. 1970-களிலேயே ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட பழம்பொருள்களைக் கவனித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 2013, 2014-ல் இந்தியத் தொல்லியல் துறை வைகைக் கரையை மேற்கிலிருந்து கடற்கரை வரைக்கும் ஆராய்ந்து, 293 இடங்களில் பழைய வாழ்விடத் தடயங்களைக் குறித்தது. அதில் ஒன்றுதான் கீழடிப் பள்ளிச்சந்தைத் திடல். சுமார் 110 ஏக்கர் மேடு. கே. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் 2015-ல் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். முதல் மூன்று கட்டம் மத்தியத் துறை செய்தது. நான்காம் கட்டத்திலிருந்து, அதாவது 2018 முதல், தமிழ்நாடு தொல்லியல் துறை செய்துவருகிறது.

தோண்டியது பெரும்பாலும் ஊர்க்காரர்களின் சொந்தத் தோப்புகளில். நிலம் கொடுத்தவர்களும் அவர்கள்தான். குழிக்குள் இறங்கி மண்ணை வழித்தெடுத்து, சலித்து, ஓட்டுச் சில்லைப் பொறுக்கிய கைகளில் பல சுற்றுவட்டாரத்துப் பெண்களின் கைகள். இந்த அருங்காட்சியகத்தை ஊருக்கே சொந்தமான ஒன்றாக நான் நினைப்பதற்கு இது முக்கியமான காரணம்.

காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "எல்லாமே 2600 வருசத்துக்கு முந்தினது" என்று யாராவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்காம் கட்டத்தில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டை அமெரிக்காவில் உள்ள பீட்டா ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் காலம்தான் பொதுயுகத்துக்கு முன் 580 என்று வந்தது. மேலே இருக்கும் அடுக்குகள் அதற்குப் பின்னால் வந்தவை. பலகையில் ஆழம் எழுதியிருந்தால் அதைப் படியுங்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு நெருங்கிய குழி ஒன்றை மனதில் நினைத்துக்கொண்டு, இந்தப் பொருள் அதில் எந்த இடத்தில் கிடந்தது என்று யோசித்தால், குழப்பம் பாதி தீரும்.

உள்ளே எப்படிப் பார்ப்பது

கட்டிடம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், திண்ணையும் முற்றமுமாகக் கட்டியது. 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். ஆறு பிரிவுகள் இருக்கின்றன. மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் செய்தல், நெசவும் அணிகலனும், கடல் வணிகம், வாழ்வியல். முதலில் குறும்படம் காட்டும் அரங்கில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். பெரியவருக்கு ஓய்வாகவும் இருக்கும், உங்களுக்கு ஒரு பிடியும் கிடைக்கும்.

அப்புறம் எல்லாவற்றையும் படிக்க முயலாதீர்கள். காட்சிக்கு வைத்திருப்பவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு மூன்று பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நில்லுங்கள். நான் யாரைக் கூட்டிப்போனாலும் கட்டாயம் நிறுத்திக் காட்டும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுத்து கீறிய பானை ஓடுகள். நான்காம் கட்ட ஆய்வில் மட்டும் தமிழி, அதாவது தமிழ் பிராமி என்கிற பழந்தமிழ் எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் என்று ஆட்பெயர்கள். கண்ணாடிக்கு அருகில் போய்க் கோட்டைக் கவனியுங்கள். ஈர மண்ணில் எழுதியிருந்தால் கோட்டின் ஓரம் வழவழப்பாக ஒதுங்கியிருக்கும். இங்கே பல ஓடுகளில் கோடு கரடுமுரடாக, மேல்பூச்சு பெயர்ந்து தெரியும். சுட்டு முடித்து வீட்டுக்கு வந்த பானையில் கூர்மையான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். கையெழுத்தும் ஓட்டுக்கு ஓடு வேறு. குயவர் ஒருவரே எழுதிக் கொடுத்ததாக இருந்தால் இப்படி மாறாது, பானைக்குச் சொந்தக்காரர்களே எழுதியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டி வாங்குகிற நம்மூர்ப் பழக்கத்தை அறிந்த எவருக்கும் இந்த ஓடு உடனே புரிந்துவிடும்.

இரண்டாவது, தக்களி. சுடுமண்ணில் செய்த சின்ன உருண்டை, நடுவில் துளை. பலகையைப் படிக்காதவர்கள் பெரிய மணி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். என் அப்பத்தா இதன் முன்னால் நின்றதும் வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சொடக்குப் போடுவதுபோல் சுழற்றினார். "இதுக்குள்ள குச்சிய செருகிச் சுத்தி விட்டா, பாரம் கீழ இழுக்க இழுக்க நூலு முறுக்கேறிக்கிட்டே வரும். பள்ளிக்கூடத்துல எங்களுக்குத் தக்களி வகுப்பு இருந்துச்சு. வெண்கலத் தட்டு வச்ச தக்களி, இது மண்ணு" என்றார். அந்தத் துளை ஏன் அவ்வளவு நேராக நடுவில் இருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். கொஞ்சம் விலகினாலும் சுழலும்போது ஆடும், நூல் அறுந்துவிடும். இத்தனையும் அந்த விரல் அசைவைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

தக்களிக்குப் பக்கத்தில் எலும்பில் செய்த கூர்முனைகளையும் பாருங்கள். தறியில் நூல் இழைகளை ஒதுக்கவும் வடிவம் பின்னவும் பயன்பட்டிருக்கலாம் என்கிறார்கள். கூட வந்தவர் நெசவுக் குடும்பம் என்றால், அவரைப் பேச விட்டுவிட்டு நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். மதுரையில் சௌராஷ்டிர நண்பர்கள் இல்லாதவர்கள் உண்டா? அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் இந்தப் பெட்டி முன்னால் நின்றால் ஒரு பாடமே நடத்திவிடுவார்.

மூன்றாவது, தண்ணீர் சம்பந்தப்பட்டவை. சுடுமண் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய உறைகிணறு, ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி செய்த சுடுமண் குழாய், செங்கல் வடிகால். இன்றைக்கும் நம் ஊர்களில் மண் சரியாமல் இருக்கக் கிணற்றுக்குள் சிமெண்ட் உறை இறக்குகிறார்கள். வேலை அதேதான். ஆற்றங்கரை மணல் மண்ணில் கிணறு வெட்டினால் உறை இல்லாமல் நிற்காது. கூரை ஓடுகளையும் விட்டுவிடாதீர்கள். மழைத்தண்ணீர் வழிந்தோட விரலால் இழுத்துவிட்ட பள்ளக் கோடுகள் அந்த ஓடுகளில் தெரியும். ஈர மண்ணில் இழுத்த அந்த விரல்தடம் அப்படியே வெந்து நின்றுவிட்டது.

கறுப்பு சிவப்புப் பானைகளை எல்லாரும் பார்ப்பார்கள், எப்படி இரண்டு நிறம் வந்தது என்று கேட்கமாட்டார்கள். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், உள்ளேயும் வாய்ப்பக்கமும் காற்றுப் படாமல் கரி ஏறிக் கறுக்கும். காற்றுப் பட்ட வெளிப்பக்கம், மண்ணில் இருக்கும் இரும்புச் சத்தால் சிவக்கும். ஒரே சூட்டில் இரண்டு நிறம். அதுவும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து வர வேண்டுமென்றால் சூளை வைத்தவருக்கு எவ்வளவு கைப்பழக்கம் இருந்திருக்க வேண்டும்!

கடல் வணிகப் பிரிவை வேகமாகப் பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். வடமேற்கிலிருந்து வந்த சூதுபவளம் என்கிற சிவப்புக் கல் மணிகள், வெளிநாட்டுத் தொடர்பைக் காட்டும் ஓடுகள் எல்லாம் அழகானவைதான். ஆனால் அவற்றைப் பற்றிப் பலகைகளே நன்றாகச் சொல்லிவிடுகின்றன.

பிள்ளைகள் கூட வந்தால்

அவர்களை வாழ்வியல் பகுதியில் விட்டுவிடுங்கள். தாயக்கட்டை, ஆட்டக்காய்கள், நூற்றுக்கணக்கில் கிடைத்த வட்டச்சில்லுகள் அங்கே இருக்கின்றன. உடைந்த பானை ஓட்டை ஓரம் தேய்த்து வட்டமாக்கிச் சில்லு செய்திருக்கிறார்கள். பாண்டி விளையாடத் தெரிந்த அம்மாவோ அத்தையோ கூட இருந்தால், வெளியே வந்ததும் மண்ணில் கட்டம் போட்டு ஒரு ஆட்டம் காட்டிவிடலாம். உள்ளே போகும்போதே பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "இங்க இருக்கிறதுல எதெல்லாம் நம்ம வீட்ல இன்னும் இருக்குன்னு எழுதிட்டு வா." அம்மி, பானை, தாயக்கட்டை என்று ஆரம்பித்துத் தாங்களாகவே பலகைகளைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கண்ணாடியில் சாய வேண்டாம், தொட வேண்டாம், பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்பதையும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

வெளியே வந்த பிறகு

அகழாய்வுக் குழிகளில் சிலவற்றை மூடாமல் மேலே கூரை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கிறதா என்று அருங்காட்சியகத்திலேயே கேட்டுக்கொண்டு போங்கள். குழியின் பக்கச் சுவரைப் பாருங்கள். மண்ணின் நிறம் அடுக்கு அடுக்காக மாறும். உள்ளே பெட்டியில் பார்த்த ஓடுகள் இப்படித்தான் கிடந்தன என்று அங்கேதான் புரியும். பக்கத்து ஊர் கொந்தகையில் முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. கீழடி மக்கள் இறந்தவர்களைப் புதைத்த இடம் அதுவாக இருக்கலாம் என்கிறார்கள்.

தோப்புகள் தனியார் நிலம். கேட்காமல் உள்ளே இறங்கக் கூடாது. தரையில் ஓட்டுச் சில்லு கிடந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. ஒரு ஓடு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. இடத்தை விட்டு எடுத்த நிமிடம் அது வெறும் ஓடு. உங்கள் சொந்த ஊரில் நிலம் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ தாழி, காசு, எழுத்துள்ள ஓடு ஏதாவது வெளிப்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பழம்பொருளைப் பற்றி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்னும் அரை நாள் இருந்தால்

இரண்டு வழி இருக்கிறது. மதுரைப் பக்கம் திரும்பினால், தமுக்கம் அரண்மனையில் 1959-ல் திறந்த காந்தி நினைவு அருங்காட்சியகம். காலையில் தக்களியைப் பார்த்த கண்ணோடு அங்கே போவது நன்றாக இருக்கும். கையால் நூற்ற நூலுக்காக நடந்த போராட்டத்தில் மதுரைக்குத் தனி இடம் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி வீட்டில்தான் காந்தி அரையாடைக்கு மாறினார்.

என்னைக் கேட்டால் எதிர்ப்பக்கம், மானாமதுரைக்குப் போங்கள் என்பேன். அதே ராமேசுவரம் சாலைதான். குயவர் தெருவில் சக்கரம் இன்னும் சுற்றுகிறது. கடம் வாசிக்கிறவர்கள் மானாமதுரைக் கடத்தைத் தேடி வாங்குவார்கள். 2023-ல் இந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேலை செய்கிற இடத்துக்குப் போனால், "பாக்கலாமாண்ணே" என்று கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். சக்கரத்தில் கை இருக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். பானையை இறக்கி வைத்ததும் அவர்களே பேசுவார்கள். பேரம் பேசாமல் ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்வது மரியாதை.

வீட்டுக்கு வந்ததும்

கூட வந்த பெரியவர் அன்று சாயங்காலம் பேசிக்கொண்டேதான் இருப்பார். மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தது, அதன் கூனை, வடம், குதிரில் நெல் கொட்டியது, மரக்காலில் அளந்தது என்று ஒவ்வொன்றாக வரும். போனில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர்வீட்டிலோ அப்படிப்பட்ட பொருள் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒரு சீட்டு எழுதி அதோடு கட்டிவிடுங்கள். என்ன பொருள், உங்கள் ஊரில் அதற்கு என்ன பேர், யார் வீட்டில் இருந்தது, எதற்குப் புழங்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள். இந்த ஐந்தும் போதும். உங்கள் ஊர்ப் பள்ளியோ நூலகமோ ஒரு அலமாரி ஒதுக்கிப் பழம்பொருள் சேர்க்க முன்வந்தால், சீட்டோடு வரும் பொருளைத்தான் அவர்களால் அர்த்தத்தோடு வைக்க முடியும். சீட்டு இல்லாத மரக்கால் எந்த ஊர் அளவு என்றே தெரியாது, ஊருக்கு ஊர் அளவு மாறும்.

மானாமதுரையில் வாங்கின சட்டியை உடனே அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், விண்டுவிடும். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, மறுநாள் அரிசி கழுவின தண்ணீரோ கஞ்சித் தண்ணீரோ ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்க விட்டு இறக்குங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பழக்கிவிட்டு அப்புறம் குழம்பு வைக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், தேங்காய் நாரும் சாம்பலும் போதும்.